அந்த மூன்று வீடுகளுக்கு யார் போனார்கள்?

என் தம்பி ஒரு மனிதரைக் கொன்றவன். இதை மறைத்துவிட்டு நான் எழுதும் எதற்கும் மதிப்பில்லை. வரப்புத் தகராறு. கிணற்றுப் பங்கு, மோட்டார் முறை, மாடு போகும் தடம் என்று இரண்டு தலைமுறையாகப் புகைந்துகொண்டிருந்தது, 2011இல் ஒரு சாயங்காலம் மண்வெட்டியில் முடிந்தது. செத்தவர் எங்கள் பங்காளி. நான் அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவர். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அது அநியாயம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

ஆகவே தண்டனையைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆயுள் கைதியின் வீட்டுக்காரர்களிடம் இந்த அரசு எத்தனை கேள்வி கேட்கிறது, யாரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தவளுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டுகிற விஷயம்.

ஊரில் எல்லோரும் பரோல் என்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கு 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று இரண்டு வகை. அந்த விதிகளை முதல்முறை ஒரு வக்கீல் வீட்டில் உட்கார்ந்து படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்பத்தின் பிழைப்புக்கு வழிசெய்ய, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுதுபார்க்க, மகன் மகள் கூடப்பிறந்தவர்களின் கல்யாணம் பார்க்க, பாகப்பிரிவினையைத் தீர்க்க, விதைப்பு அறுப்புக்கு என்று காரணங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் போட்டு மழையைப் பார்த்துக் கிடக்கிற எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் யாரோ ஒருவர் அதை எழுதியிருக்க வேண்டும். சிறையில் இருக்கிறவனுக்கும் நிலம் இருக்கும், விதைக்கிற காலம் ஒன்று வரும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று ஆண்டு சிறையில் கழித்தவன் சாதாரண விடுப்புக்குக் கேட்கலாம். வெளியே இருக்கும் நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராது. அதாவது அரசு எதையும் தள்ளுபடி செய்யவில்லை. அந்த நாட்களைக் கைதி பின்னால் உள்ளே இருந்து கழித்தே ஆக வேண்டும். இரக்கம் என்றுகூட இதைச் சொல்ல முடியாது. தவணை மாற்றிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

2018இல் என் அம்மா படுத்த படுக்கையானாள். வீட்டின் பின்சுவர் மழையில் விழுந்திருந்தது. தம்பி உள்ளிருந்தே மனு போட்டான். மனு எங்கெல்லாம் போகிறது என்பதை வாசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிறைக் கண்காணிப்பாளரிடமிருந்து மாவட்டத்தின் நன்னடத்தை அலுவலருக்கு ஒரு கடிதம், காவல் துறைக்கு ஒரு கடிதம். இரண்டு பக்கமிருந்தும் அறிக்கை வந்த பிறகுதான் மேலே உத்தரவு. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு பெயரைத் தூக்கிப் போட்டால் எல்லோரும் அந்த ஒருவரோடு கோபத்தை முடித்துக்கொள்வார்கள். எனக்கு அது வேண்டாம்.

நன்னடத்தை அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். பஸ் இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை பேர் வீட்டில், யார் சம்பாதிக்கிறார்கள், ரேஷன் கார்டில் யார் பெயர், நிலம் எவ்வளவு, பட்டா யார் பேரில், அவன் வந்தால் எந்த அறையில் படுப்பான், குடிப்பானா, பழைய சிநேகிதர்கள் யாராவது வருவார்களா, ஜாமீன் யார் கொடுப்பது. தம்பி பெண்டாட்டியிடம், அவன் வருவதில் உனக்குச் சம்மதமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளிடமும் கேட்டார். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம், மளிகைக் கடைக்காரரிடம், கிராம நிர்வாக அலுவலரிடம். கடைசியாக இரண்டு தெரு தள்ளி, செத்துப்போனவரின் மனைவியிடம்.

நான் கூடப் போகவில்லை, போகவும் கூடாது. அண்ணி என்ன சொன்னாள் என்பதை அவளே பின்னால் அம்மாவைப் பார்க்க வந்தபோது சொன்னாள். "அவன் மூஞ்சிய நான் பார்க்கமாட்டேன் சார். எங்க தெருவுக்கும் வரக்கூடாது. ஆனா சின்னத்தை கண்ணு மூடறதுக்குள்ள வந்து பார்த்துட்டுப் போவட்டும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

தாலி இழந்தவளின் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வர எத்தனை வருடம் ஆகும் என்று யாராவது யோசித்துப் பாருங்கள். ஏழு வருடம் ஆனது. நடுவில் நல்லது கெட்டதில் அவள் எங்கள் வாசல் மிதித்ததில்லை. அவளிடம் போய்க் கேட்டது சரியான காரியம், கேட்டே ஆக வேண்டிய காரியம். அதை மனதாரச் சொல்கிறேன். இழந்தவர்களைக் கேட்காமல் ஒருவனை ஊருக்குள் விடக் கூடாது.

மனு நிராகரிக்கப்பட்டது.

காரணம் அப்போது எங்களுக்குத் தெரியாது. சட்டம் ஒழுங்கு என்று மட்டும் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா புரட்டாசியில் போய்ச் சேர்ந்தாள். அவசர விடுப்புக்குச் சான்றிதழோடு ஆள் ஓடினான். பெற்றவள் செத்தால் விடலாம் என்று விதியில் இருக்கிறது. வழிக்காவலுக்கு அனுப்பப் போலீஸ்காரர்கள் இல்லை, எங்கோ பந்தோபஸ்து என்றார்கள். ஃப்ரீசர் பெட்டியில் வைத்து மறுநாள் மத்தியானம் வரை பார்த்தோம். அதற்குமேல் ஊரில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மகன் உயிரோடு இருக்க, பேரன் கொள்ளி வைத்தான்.

பின்னால், வேறு ஒரு விடுப்புக்காக உயர் நீதிமன்றம் போக வேண்டி வந்தபோதுதான் பழைய அறிக்கைகளின் நகல் எங்கள் வக்கீல் கைக்கு வந்தது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை முழுதாக, ஒழுங்காக இருந்தது. அண்ணி சொன்னதை அப்படியே பதிந்திருந்தார். விடுப்பு தரலாம் என்று பரிந்துரையும் செய்திருந்தார். காவல் துறையின் அறிக்கை சில வரிகள். எதிர்த்தரப்பினரால் அசம்பாவிதம் நேர வாய்ப்புள்ளது என்று ஒரு வாக்கியம். எந்த எதிர்த்தரப்பு? போய்ப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன அந்தப் பெண்ணா? அவளுடைய பெயரை வைத்தே அவளுடைய வார்த்தையை அடித்துப் போட்டிருக்கிறார்கள். இதை அவளிடம் நான் சொன்னபோது என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொண்டாள். அவள் ஏன் குனிய வேண்டும்?

இப்போது எங்கள் மாவட்டத்தின் இன்னொரு கதைக்கு வருகிறேன். கதை என்று சொல்லவும் நாக்கு கூசுகிறது.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்த நாள். அதிமுகவினர் மாநிலமெங்கும் மறியலில் இறங்கினார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பஸ் தர்மபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் மறியலில் மாட்டி நின்றது. உள்ளே பிள்ளைகள் இருப்பது தெரிந்தே பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். நாமக்கல் கோகிலவாணி, விருத்தாசலம் காயத்ரி, சென்னை ஹேமலதா. மூன்று பேர் கரிக்கட்டையானார்கள். விவசாயம் படித்து எங்களைப் போன்ற வறண்ட காட்டுக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டிய பெண்கள். எங்கள் மண்ணில் வைத்து எரித்தார்கள். வெளியூரில் தர்மபுரி என்று சொன்னால் ரொம்ப நாளைக்கு அடுத்த கேள்வி அந்த பஸ்ஸாகத்தான் இருந்தது.

வழக்கு எப்படி நடந்தது என்பதும் மறக்கக் கூடாதது. கிருஷ்ணகிரியில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். கோகிலவாணியின் தந்தை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடித்தான் வழக்கு சேலத்துக்கு மாறி, முதலிலிருந்து மறுபடி நடந்தது. மகளைப் பறிகொடுத்த மனிதர் அழுவதற்குக் கிடைத்த நாட்களை எல்லாம் கோர்ட்டு வாசலில் செலவழித்திருக்கிறார். 2007இல் மூவருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தன. 2016 மார்ச்சில் மறுஆய்வில் அதே உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நடந்தது, முன்விரோதம் இல்லை என்றது. தூக்கு வேண்டாம் என்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. யாரையும் தூக்கில் போட வேண்டாம். ஆயுள் என்றார்கள், சரி.

2017இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. அதையொட்டி, 2018 பிப்ரவரி 25ஆம் தேதிக்குள் பத்தாண்டு சிறை கழித்த ஆயுள் கைதிகளை முன்விடுதலை செய்யலாம் என்று அதிமுக அரசு ஒரு திட்டம் போட்டது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் என் தம்பியைப் போன்ற எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்; அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். என் தம்பிக்கு அப்போது பத்தாண்டு ஆகவில்லை. அந்தப் பட்டியலில் அவன் இல்லாததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் அந்த மூவர் பெயரும் இருந்தது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒரு தடவை கோப்பைத் திருப்பி அனுப்பினார். அரசு விடவில்லை. விளக்கம் எழுதி மறுபடி அனுப்பியது. கையெழுத்தானது. 2018 நவம்பர் 19ஆம் தேதி மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்கள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஊருக்கே தெரியும்.

அம்மா செத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. தம்பி பெண்டாட்டி எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு பார்த்தீர்கள். அவன் எந்த அறையில் படுப்பான் என்று பார்த்தீர்கள். மளிகைக் கடைக்காரரைக் கேட்டீர்கள். சில நாள் விடுப்புக்கு, அதுவும் தண்டனையில் கழியாத சில நாளுக்கு, கணவனை இழந்த பெண்ணின் வாசலுக்குப் போய், அவன் வரலாமா அம்மா என்று கேட்டீர்கள். நிரந்தரமாக வெளியே விட்ட மூவருக்காக நாமக்கல்லில் அந்த வீட்டுக்கு யார் போனார்கள்? விருத்தாசலத்தில் யார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, இவர்களை விடலாமா என்று கேட்டார்கள்? சென்னை வீட்டுக்கு யார் போனார்கள்? பெற்றவர்களின் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை என்பீர்கள். தெரியும். எங்கள் அண்ணியிடம் கேட்கத் தோன்றியதே, அங்கே ஏன் தோன்றவில்லை? கொன்றவனின் அக்கா நான் கேட்கிறேன். என் அண்ணியின் சொல்லுக்கு மதிப்பில்லை, அந்தத் தாய்மாருக்குச் சொல்லவே வாய்ப்பில்லை. இரண்டு இடத்திலும் ஏமாந்தது இழந்த பெண்கள்தான்.

சட்டப்படிதான் செய்தோம், அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவு ஆளுநருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது என்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி அதே அமைச்சரவை ராஜீவ் காந்தி கொலை வழக்கின் ஏழு பேரையும் விடலாம் என்று அதே 161ஐ வைத்து அதே ஆளுநருக்குப் பரிந்துரை அனுப்பியதே, அது என்ன ஆனது? அந்தக் கோப்பு தூங்கியது. எங்களுக்குப் பக்கத்து ஊரான ஜோலார்பேட்டையின் அற்புதம்மாள், அந்த ஏழு பேரில் ஒருவரான மகன் பேரறிவாளனுக்காக ஏறாத படி இல்லை. பேரறிவாளனுக்கு முதல் பரோல் கிடைக்க 26 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்டில், படுத்திருந்த அப்பாவைப் பார்க்க விட்டார்கள். விடுதலை 2022 மே மாதம், அதுவும் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தை எடுத்துப் போட்ட உத்தரவில். ஏழு பேர் வழக்கில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், அதற்குள் நான் போகவில்லை. ஒரே பேனா ஒரு கோப்பில் சில வாரத்தில் ஓடியதும் இன்னொன்றில் வருடக்கணக்கில் ஓடாததும் என் கண்ணுக்குத் தெரிகிறது. சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். கட்சி மட்டும் வேறு.

தமிழ்நாட்டில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை இது. பில்கிஸ் பானு வழக்கில் பதினொரு பேரை 2022 சுதந்திர தினத்தன்று குஜராத்தில் வெளியே விட்டார்கள். அந்தப் பெண் மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2024 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களைத் திரும்ப உள்ளே போகச் சொன்னது. ஹரியானாவில் பாலியல் வன்கொடுமைக்காக 2017இல் தண்டனை பெற்ற தேரா சச்சா சவுதா தலைவர் குர்மீத் ராம் ரஹீம் பரோல், ஃபர்லோ என்று எத்தனை தடவை வெளியே வந்துவிட்டார்! அவர் வந்தால் சட்டம் ஒழுங்குக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் செத்துக்கொண்டிருக்கும் கிழவியைப் பார்க்க ஒருவன் வந்தால்தான் ஆகும்.

நன்னடத்தை அலுவலர் என்ற வேலை எதற்காக உண்டானது என்று தேடிப் படித்தேன். சென்னை மாகாணத்தில் 1936லேயே அதற்குச் சட்டம் வந்திருக்கிறது. நாடு முழுதுக்கும் 1958இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. முதல் தடவை தப்பு செய்தவனை, மரணம் ஆயுள் என்ற பெரிய குற்றங்கள் தவிர, ஜெயிலில் தள்ளாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஊரோடு விடலாம். ஓர் அலுவலர் அவனை அவ்வப்போது பார்த்து, வேலைக்கு வழிகாட்டி, கை தூக்கிவிட வேண்டும். இப்படி ஒரு சட்டம் இருப்பது எங்கள் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்? அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் விறகுக்கும் சாராயத்துக்கும் அடிதடிக்கும் உள்ளே போன பையன்களின் அம்மாக்களைக் கேளுங்கள். வக்கீலுக்கு ஆட்டை விற்றுக் கொடுத்ததைச் சொல்வார்கள். நன்னடத்தைப் பத்திரம் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கோர்ட்டு கேட்கும் அறிக்கை, சிறை கேட்கும் அறிக்கை, முன்விடுதலைக்கு அறிக்கை, பத்திரத்தில் இருப்பவர்களைப் பார்ப்பது என்று எல்லாம் அந்த அலுவலர் தலையில். மலையும் காடுமாகக் கிடக்கிற மாவட்டத்தில் அவர் பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்து எழுதுகிறார். எழுதியதற்கு எடை இல்லை என்றால் அவரை ஏன் அனுப்புகிறீர்கள்? எங்கள் வீட்டுத் துக்கத்தை ஒரு அந்நிய மனிதரின் முன்னால் பிரித்துக் காட்ட வைத்தீர்கள். அம்மா இழுத்துக்கொண்டிருந்த மூச்சோடு பதில் சொன்னாள். அண்ணி தன் பகையை விழுங்கிக்கொண்டு பதில் சொன்னாள். அத்தனையும் ஒரு போலீஸ் வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. விசாரிக்கப் போனவருக்கு ஒரு நீதி, ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியவருக்கு ஒரு நீதியா?

இந்த மாவட்டத்தில் காக்கி எழுதியதே சத்தியம் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். வாச்சாத்தி எங்கள் மாவட்டம்தான். 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்தவர்கள் 18 பெண்களைச் சீரழித்துவிட்டு, அந்த ஊர் ஜனங்களையே குற்றவாளிகள் என்று எழுதிச் சிறையில் போட்டார்கள். அந்தக் காகிதம் பொய் என்று நிரூபிக்க 2011 செப்டம்பர் வரை ஆனது. வனம், போலீஸ், வருவாய் என்று மூன்று துறையிலும் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். அதில் பலர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிய 2023 ஆனது. வாச்சாத்திப் பெண்கள் காத்திருந்த வருடங்களை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறவள். எனக்கு எழுத வருகிறது, எழுதுகிறேன். மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போகும் நாளில் சிறை வாசலில் என்னோடு நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. கல்லு உடைத்துவிட்டு, பெங்களூரில் கட்டட வேலையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, பிஸ்கட் பாக்கெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அவர்களுடைய விடுப்பு மனு ஏன் தள்ளுபடி ஆனது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உயர் நீதிமன்றம் போனால் கிடைக்கும் என்று வக்கீல் சொல்வார். சென்னைக்குப் போய்வரும் செலவை நினைத்து மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இவர்கள் செய்த குற்றம் என்ன? ஒருவனுக்குத் தாயாகவோ பெண்டாட்டியாகவோ இருப்பதா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விடுப்பு மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று வீட்டுக்காரர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். நன்னடத்தை அலுவலர் தரலாம் என்று எழுதியிருக்க, போலீஸ் கூடாது என்று எழுதினால், அதற்கான ஆதாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்பன் ஆத்தாள் சாவுக்கு ஆள் அனுப்ப வழிக்காவல் இல்லை என்று சொல்ல வெட்கப்படுங்கள். அமைச்சர் வந்தால் அரை நாளில் நூறு பேர் ரோட்டில் நிற்கிறார்கள். ஆயுள் கைதி எவனையும், எந்தக் கட்சிக்காரனையும், முன்கூட்டியே வெளியே விடுவதற்கு முன்னால் இழந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதை எழுதி, அதைத் தாண்டியும் ஏன் விடுகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஊரறியச் சொல்லுங்கள். 2018இல் திருப்பி அனுப்பிய கோப்பில் என்ன விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினீர்கள் என்பதை அந்த மூன்று வீட்டுக்கும் முழுதாகக் கொடுங்கள். பதினெட்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காகிதத்தைப் பார்க்கிற உரிமை உண்டு.

என் தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அவன் உள்ளே போனபோது அது பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன குழந்தை. விடுப்புக்கு மனு கொடுத்தாகிவிட்டது. மகள் கல்யாணம் விதியில் இருக்கிற காரணம். விசாரணைக்கு ஆள் வருவார். ரேஷன் கார்டை எடுத்து வைத்திருக்கிறோம். பத்திரிகை, மண்டப ரசீது எல்லாம் தயார். அண்ணி வீட்டுக்கும் அவர் போகட்டும், போகத்தான் வேண்டும். அவள் இந்தத் தடவை சம்மதம் என்று சொல்வாளோ வேண்டாம் என்று சொல்வாளோ எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். அவள் எதைச் சொன்னாலும் அதை எழுதட்டும். எழுதியதை மேலே இருப்பவர்கள் இந்தத் தடவையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.